வளர்த்த வீட்டிலேயே கறியாகட்டும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, விடியுமுன்னே பூச்சந்தைக்கு எழ வேண்டியவர்களாக இருந்தும் இந்நேரம்வரை தூக்கத்தை விட்டு உட்கார்ந்திருக்கும் தோவாளைப் பெருமக்களே,

வளர்த்த ஆட்டை வீட்டிலேயே அறுப்பவன் நெஞ்சில் ஈரமில்லாதவன் என்றார் எதிரணித் தோழி. புலால் மறுத்தவர் இதைச் சொன்னால் கைகூப்பிக் கேட்டுக்கொள்வேன். கறி தின்பவர் சொன்னால் அவரிடம் கேட்பேன்: அம்மா, போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் குழம்பில் வெந்த ஆடு எந்த ஊர் ஆடு? எத்தனை மணி நேரம் லாரியில் நெருக்கியடித்து நின்று வந்தது? வழியில் ஒரு வாய் தண்ணீர் கிடைத்ததா?

நம் வீட்டுக் கிடா மலையடிவாரத்தில் மேய்ந்தது. கழுநீர் குடித்தது. கடைசி நாளிலும் தான் பிறந்த தொழுவத்தில், பழகிய முகங்களுக்கு நடுவில் நிற்கிறது. ஈரம் எந்தப் பக்கம், நடுவர் அவர்களே?

2001-இல் மத்திய அரசு கொண்டுவந்த இறைச்சிக்கூட விதிகள், சினையாட்டை அறுக்காதே, மூன்று மாதத்துக்குக் குறைந்த குட்டி இருக்கும் தாயை அறுக்காதே என்கின்றன. எந்த ஆடு சினை, எதன் மடியில் குட்டி முட்டுகிறது என்பது மேய்க்கிற அக்காவுக்கு அத்துப்படி. கைமாறிக் கைமாறிச் சந்தைக்கு வந்த ஆட்டைப் பற்றி அதை யார் சொல்வார்?

அறுக்கிற இடத்துக்கே வாருங்கள். தோலை உரித்து, வயிற்றைத் திறந்ததும் அறுக்கிற பெரியவர் முதலில் ஈரலைத்தான் கையில் எடுப்பார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். வெள்ளைப் புள்ளியோ நீர்க்கட்டியோ தென்பட்டால் அது சட்டிக்குப் போகாது. பித்தப்பை உடையாமல் இரண்டு விரலால் பிரித்தெடுப்பார். உடைந்தால் கறியே கசந்துபோகும். குடலைப் புரட்டி மஞ்சள் போட்டுக் கழுவ இரண்டு பெண்கள். தலையையும் காலையும் தீயில் வாட்ட ஒருவர். ரத்தம் பொரியலாகும், மிஞ்சிய கறி உப்புக்கண்டமாகும். வீணென்று ஒன்றுமில்லை. பிறகு பனையோலையில் கூறு வைப்பார்கள். ஈரலிலும் எலும்பிலும் எல்லாக் கூற்றுக்கும் பங்கு உண்டு. தராசு இல்லாமலே சண்டை வராமல் பிரிகிறது.

கோயில் கொடைக்கு நேர்ந்துவிட்ட கிடாவும் இப்படித்தான் ஊருக்கெல்லாம் கறியாகிறது. 1950-ஆம் ஆண்டின் உயிர்ப்பலித் தடைச் சட்டத்தை 2003-இல் தமிழக அரசு கடுமையாக நடைமுறைப்படுத்தியபோது, சுடலைமாடனையும் இசக்கியம்மனையும் கும்பிடும் எளிய மக்கள்தான் வெதும்பினார்கள். 2004-இல் அந்தச் சட்டமே திரும்பப் பெறப்பட்டது. விலங்குவதைத் தடைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவும், ஒரு சமூகத்தார் தங்கள் சமய முறைப்படி அறுப்பதைக் குற்றமாக்கவில்லை.

நோயைப் பற்றி எதிரணி எழுப்பிய அச்சம் நியாயமானது. அதை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். திடீரென்று செத்த ஆட்டை யாரும் அறுக்கக் கூடாது. அடைப்பான் நோயில் செத்த உடலைத் திறந்தால் கிருமி பல்லாண்டு மண்ணில் உயிரோடு கிடக்கும். நகராட்சி எல்லைக்குள் இருப்பவர்கள் அனுமதி பெற்ற கூடத்துக்குத்தான் போக வேண்டும். ஆனால் கிராமத்து முற்றத்தில் தவறு நடக்கிறதென்றால் தவறைத் திருத்துவோம், வழக்கத்தையே ஒழிப்பானேன்?

ஆகவே கிடா வளர்க்கும் வீட்டாரிடம் என் வேண்டுகோள்: அறுக்குமுன் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். கத்தியை நன்றாகத் தீட்டுங்கள். மற்ற ஆடுகளின் கண்ணில் படாமல் அறுங்கள். நடுவர் அவர்களே, வளர்த்தவர் கையில் முடிவதே அந்த உயிருக்குச் செய்யும் மரியாதை என்று தீர்ப்புத் தாருங்கள்.