மாணவர் இதழும் ஆசிரியரும்



செய்தித்தாள் நடத்தும் கலையை வகுப்பறையில் கற்பிக்க இயலாது, அச்சுக்கூடமே அதற்குப் பள்ளி என்று பத்திரிகையாளர் பலர் எண்ணியிருந்த காலம் உண்டு. அமெரிக்க நாட்டு மிசூரிப் பல்கலைக்கழகத்தில் 1908ஆம் ஆண்டு இதழியல் கல்லூரி தொடங்கிய வால்ட்டர் வில்லியம்ஸ் இரண்டையும் இணைத்தார். அவர் கல்லூரியில் பயின்றவர் அல்லர்; அச்சுக்கூடத்தில் தொழில் பழகிப் பத்திரிகாசிரியராக உயர்ந்தவர். வகுப்புகள் தொடங்கிய செப்டம்பர் 14ஆம் நாளன்றே அவருடைய மாணவர்கள் செய்தித்தாளொன்றை வெளியிட்டனர். ஊர்மக்களுக்கென நடந்த இதழ் அது.

இத்தகைய இதழில் ஒருவர் பெயரைப் பிழையாக அச்சிட்டால், மறுநாள் அவரே வந்து காரணம் கேட்பார். மதிப்பெண் குறைவதினும் வலிய பாடம் அஃதன்றோ?

பள்ளிகளில் கையெழுத்துப் பத்திரிகைகளைப் பல்லாண்டுகள் மேற்பார்த்தவன் நான். மாணவன் எழுதியதைத் தாமே மாற்றியெழுதும் ஆசிரியர் இதழை அழகாக்குவார், மாணவனை வளர்க்கமாட்டார். “இதனை உனக்குச் சொன்னவர் யார்? மறுதரப்பாரையும் கேட்டாயா?” என வினவித் திருப்பித் தருபவரே நல்லாசிரியர். விடை சரியாயிருந்து, அம்மெய்ச்செய்தி மேலிடத்துக்குக் கசப்பாயிருப்பினும், மாணவன் பக்கம் நிற்பது அவர் கடமை.

உங்கள் கல்லூரி இதழுக்கு எழுதுமுன் அவ்விரு வினாக்களையும் நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.