போர்ன்மத்திலிருந்து வந்த அரசவை



கருத்தரங்கின் தலைமை உரைக்கு எழுதாத சட்டங்கள் இரண்டு உண்டு. நீளமாக இருக்க வேண்டும். யாரையும் புண்படுத்தக் கூடாது. முதல் சட்டத்தை மீறவே விரும்புகிறேன். இரண்டாவதற்கு உத்தரவாதம் தர முடியாது. இன்று படிக்கப்படவிருக்கும் கட்டுரைகளில் பாதிக்குமேல் ஒரே கேள்வியைச் சுற்றி வருகின்றன: புரோகிரஸிவ் ராக் இசையின் முதல் ஆல்பம் எது? அந்தக் கேள்வி நம்மைத் தவறான ஊருக்குக் கூட்டிப்போகிறது என்பது என் கட்சி.

பேசப்படும் இசைத்தட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். கிங் கிரிம்சன் குழுவின் 'இன் த கோர்ட் ஆஃப் த கிரிம்சன் கிங்'. 1969 அக்டோபர் 10 அன்று பிரிட்டனில் ஐலண்ட் நிறுவனம் வெளியிட்டது. ஐந்தே பாடல்கள், ஏறத்தாழ 44 நிமிடம். உறையின் முன்பக்கத்தில் குழுவின் பெயர் கிடையாது, ஆல்பத்தின் பெயரும் கிடையாது. மூக்குத் துளை விரிய, கண்கள் பக்கவாட்டில் மிரள, உள்நாக்குத் தெரிய அலறும் ஒரு சிவந்த முகம் மட்டும். வரைந்தவர் பேரி காட்பர். தொழிலால் கணினி நிரலாளர். அடுத்த பிப்ரவரியில், 24 வயதில், மாரடைப்பில் இறந்துபோனார். முகம் தெரியாத ஒரு குழுவின் இந்த முதல் ஆல்பம் பிரிட்டிஷ் பட்டியலில் ஐந்தாம் இடம்வரை ஏறியது, அமெரிக்காவில் 28.

முதன்மைக்கு வழக்காடுகிறவர்கள் பலர். பீட்டில்ஸின் 'சார்ஜன்ட் பெப்பர்' 1967 ஜூனில் வந்துவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் மூடி ப்ளூஸ் குழு வாத்தியக்குழுவோடு சேர்ந்து ஒரு முழு நாளைப் பாடிவிட்டது. புரோகோல் ஹாரம் 1968இல் பதினேழு நிமிடத் தொடர் ஒன்றை அமைத்தது. நைஸ் குழுவில் கீத் எமர்சன் செவ்விசையை ஆர்கனில் போட்டுப் புரட்டிக்கொண்டிருந்தார். கடல் தாண்டினால் 1966லேயே ஃபிராங்க் ஸாப்பா நிற்கிறார். ஜெனிசிஸ் 1969 மார்ச்சிலும் யெஸ் ஜூலையிலும் தத்தம் முதல் ஆல்பங்களை வெளியிட்டாயிற்று. ஆனால் அவற்றைக் கேட்டுப் பின்னாளைய ஜெனிசிஸையோ யெஸ்ஸையோ ஊகித்திருக்க யாராலும் முடியாது. நாள்காட்டியை வைத்துத் தீர்ப்பெழுதினால் ஒவ்வொருவருக்கும் ஒரு நியாயம் இருக்கும், எவருக்கும் வெற்றி இருக்காது.

இந்தச் சச்சரவின் அடியில் எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரு கதை இருக்கிறது. அதுதான் எனக்கு உறுத்துகிறது. படித்த நடுத்தர வர்க்கத்து ஆங்கில இளைஞர்கள், தேவாலயப் பாடற்குழுவிலும் பியானோ வகுப்பிலும் வளர்ந்தவர்கள், தாங்கள் கற்ற செவ்விசையை ராக்கில் கொண்டுவந்து கலந்தார்கள், புரோகிரஸிவ் பிறந்தது. எட்வர்ட் மேக்கன் 1997இல் எழுதிய நூல் இந்தக் கதைக்குச் சமூகவியல் அடித்தளம் கொடுத்தது. நல்ல நூல், நாம் எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம். ஜெனிசிஸுக்கு அது சட்டையைப் போலப் பொருந்தும். இந்த ஆல்பத்துக்குப் பொருந்தவில்லை.

ஏன் என்று பார்க்கப் போர்ன்மத்துக்குப் போவோம். இங்கிலாந்தின் தென்கரையில் விடுமுறைக்காரர்கள் வந்து தங்கும் கடலோர ஊர். ஹோட்டல்கள், ஹோட்டல்தோறும் நடன அரங்கு, அரங்குதோறும் வாத்தியக்குழு. கிங் கிரிம்சனின் கிதார்க்காரர் ராபர்ட் ஃபிரிப் அங்கே மெஜஸ்டிக் ஹோட்டலின் நடனக் குழுவில் கிதார் வாசித்தவர். அந்த நாற்காலியில் அவருக்கு முன் இருந்தவர் ஆண்டி சம்மர்ஸ், பிற்காலத்தில் போலீஸ் குழுவின் கிதார்க்காரர். அவ்வூர்ப் பக்கத்தில் டான் ஸ்டிரைக் என்றொரு கிதார் ஆசிரியர் இருந்தார். ஃபிரிப்பும் அவரிடம் கற்றார், பின்னர் கிங் கிரிம்சனில் பாடி பாஸ் கிதார் வாசித்த கிரெக் லேக்கும் கற்றார். மைக்கேல் ஜைல்ஸ் தன் தம்பி பீட்டரோடு அந்த வட்டாரத்துக் குழுக்களில் ஆண்டுக்கணக்கில் டிரம்ஸ் வாசித்துக் கை தேர்ந்தவர். ஜைல்ஸ் சகோதரர்கள் 1967இல் பாடத் தெரிந்த ஆர்கன்காரர் தேவை என்று ஆள் தேடினார்கள். பாடவும் தெரியாத, ஆர்கனும் வாசிக்காத ஃபிரிப் போனார், வேலை கிடைத்தது! மூவரும் சேர்ந்து 1968இல் டெராம் நிறுவனத்துக்குக் கொடுத்த ஆல்பத்தை வாங்கியவர்கள் மிகச் சிலரே.

இயன் மெக்டொனால்ட் வேறு வழியில் வந்தவர். அவருடைய இசைப்பள்ளி ராணுவம். இளம் வயதிலேயே படையின் வாத்தியக்குழுவில் சேர்ந்து கிளாரினெட்டும் இசையமைப்பும் பல கருவிகளுக்குப் பிரித்தெழுதும் வித்தையும் அங்கே கற்றார். இந்த ஆல்பத்தில் சாக்சபோன், புல்லாங்குழல், கிளாரினெட், விசைப்பலகைகள், மெலட்ரான் எல்லாம் அவர் கைதான். பாடல்களின் சொற்களை எழுதிய பீட்டர் சின்ஃபீல்ட் மெக்டொனால்டின் நண்பர், கணினித் துறையில் வேலை பார்த்தவர். குழுவுக்குப் பெயர் வைத்ததும் மேடைக்கு விளக்கு அமைத்ததும் அவர்.

ஹோட்டல் நடன மேடை, சிறுநகரக் குழுக்கள், ராணுவ பேண்டு. இந்தக் கணக்கில் கன்சர்வேட்டரி எங்கே இருக்கிறது, பாடற்குழு எங்கே இருக்கிறது? இவர்களிடம் இருந்தது கூலிக்கு வாசிக்கும் கலைஞனின் பயிற்சி. எழுதிக் கொடுத்ததைப் பார்த்த மாத்திரத்தில் வாசிப்பது; வால்ட்ஸ் கேட்டால் வால்ட்ஸ், ஃபாக்ஸ்ட்ராட் கேட்டால் ஃபாக்ஸ்ட்ராட்; விருந்தினர் பேசும்போது அடக்கி வாசிப்பது; எல்லாவற்றுக்கும் மேலாக, எல்லோரும் ஒரே கணத்தில் நிறுத்துவது. 1969இன் லண்டன் ராக் குழுக்களில் உரக்க வாசிப்பவர்களுக்குப் பஞ்சமில்லை. ஒரே கணத்தில் நிறுத்தத் தெரிந்தவர்கள் குறைவு.

1969 ஜனவரி 13 அன்று லண்டனில் ஃபுல்ஹம் பேலஸ் கஃபே என்ற உணவகத்தின் நிலவறையில் ஒத்திகை தொடங்கியது. கருவிகள் வாங்க மெக்டொனால்டின் மாமா கடன் கொடுத்தார். அந்தப் பணத்தில் வந்தவற்றில் ஒன்று மெலட்ரான். ஏப்ரல் 9 அன்று ஸ்பீக்கீசி கிளப்பில் முதல் கச்சேரி. ஜூலை 5 அன்று ஹைட் பார்க்கில், ரோலிங் ஸ்டோன்ஸ் மேடையேறுமுன், லட்சக்கணக்கான கூட்டத்துக்கு வாசித்தார்கள். ஆறு மாதத்துக்குள் நிலவறையிலிருந்து ஹைட் பார்க்!

ஒலிப்பதிவும் நேர்வழியில் நடக்கவில்லை. மூடி ப்ளூஸின் தயாரிப்பாளர் டோனி கிளார்க்கோடு தொடங்கிய அமர்வுகள் சரிப்படாமல் கைவிடப்பட்டன. பிறகு குழுவே தயாரிப்புப் பொறுப்பை ஏற்றது. முதல் ஆல்பம் போடும் ஒரு குழுவுக்கு அந்நாளில் இப்படி ஒரு உரிமை எளிதில் கிடைக்காது. ஹைபரியில் பழைய தேவாலய மண்டபமொன்றில் இயங்கிய வெசெக்ஸ் ஸ்டூடியோவில், எட்டுத் தடப் பதிவுக் கருவியில், அந்தக் கோடையில் வேலை முடிந்தது.

மெலட்ரானைப் பற்றி நின்று பேச வேண்டும். இந்த ஆல்பத்தைச் செவ்விசையோடு முடிச்சுப் போடுகிறவர்கள் எல்லோரும் அதன் வயலின் முழக்கத்தைத்தான் சான்று காட்டுகிறார்கள். அந்த முழக்கத்துக்காக ஒரு வயலின்காரர்கூட ஸ்டூடியோவுக்குள் வரவில்லை. பர்மிங்காமில் 1963 முதல் செய்யப்பட்ட இயந்திரம் அது. ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு துண்டு ஒலிநாடா; கட்டையை அழுத்தினால் நாடா ஓடும், அதில் முன்பே பதிந்த சுரம் கேட்கும். சுமார் எட்டு நொடியில் நாடா தீர்ந்துவிடும். விரலை எடுத்தால் சுருள்வில் அதைப் பழைய இடத்துக்கு இழுக்கும். ஆகவே வாசிப்பவர் எட்டு நொடிக்குள் அடுத்த சுரத்துக்கு நகர்ந்தாக வேண்டும். நாடா ஓடும் வேகம் சற்றே பிசகினாலும் சுருதி தள்ளாடும். 'எபிடாஃப்' பாடலில் அந்தத் தள்ளாட்டத்தைக் கேளுங்கள். பனிப்போர்க் காலத்து அச்சத்தைப் பாடும் அப்பாடலுக்கு உண்மையான வாத்தியக்குழுவைக் கொண்டுவந்திருந்தால் சோகம் கம்பீரமாகியிருக்கும், அவ்வளவுதான். நாடா இயந்திரத்தின் குரலில் ஏதோ அழுகிக்கொண்டிருக்கிறது. பல கருவிகளுக்குப் பிரித்தெழுதக் கற்ற ராணுவ பேண்டுக்காரருக்கு அந்தக் குறையை எங்கே வைத்தால் குணமாகும் என்று தெரிந்திருந்தது.

'ட்வென்டி ஃபர்ஸ்ட் செஞ்சுரி ஸ்கிட்ஸாய்டு மேன்' பாடலுக்கு வருகிறேன். வியட்நாம் போரின் கோபத்தில் பிறந்தது. அமெரிக்க மேடையில் ஃபிரிப் அதைத் துணை அதிபர் ஸ்பைரோ அக்னியூவுக்குக் கிண்டலாகச் சமர்ப்பித்ததும் பதிவில் இருக்கிறது. உருக்குலைத்த குரல், கிதாரும் சாக்சபோனும் சேர்ந்து இடிக்கும் பல்லவி எல்லாம் நீங்கள் அறிந்தவை. நான் சொல்ல வருவது நடுப்பகுதியின் முடிவை. நால்வரும் ஒரே வரியைத் துண்டு துண்டாக, மின்னல் வேகத்தில், இடையிடையே முழு மௌனம் விட்டு வாசிக்கிறார்கள். முதலில் உரக்க, பிறகு காதைத் தீட்டிக்கொண்டால்தான் கேட்கும் அளவுக்கு மெதுவாக. அங்கே கையாளக் கடினமானவை மௌனங்கள்தான். ஹோட்டல் நடன அரங்கில் தம்பதிகள் சுழன்று நிற்கும் கணத்தில் இசையும் நிற்க வேண்டும் என்று பழகிய கைகளுக்கு அது வரும். அந்தப் பயிற்சியை எதன்மேல் ஏவினார்கள் என்பதுதான் 1969இன் புதுமை.

சின்ஃபீல்டின் வரிகளைப் பற்றி நான்கு கட்டுரைச் சுருக்கங்கள் வந்திருக்கின்றன. அவருடைய அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்: அரசர்களும் சூனியக்காரிகளும் உலவும் அந்தச் சொற்கள்தான் இந்தத் தட்டில் மிகவும் வயதானவை என்பது என் எண்ணம். 'மூன்சைல்ட்' பற்றி ஒரு சுருக்கமும் வரவில்லை. வியப்பில்லை. பன்னிரண்டு நிமிடப் பாடல். முதல் சில நிமிடத்தில் பாட்டு முடிந்துவிடும். மீதியெல்லாம் கிதாரும் வைப்ரஃபோனும் டிரம்ஸும் கிசுகிசுக்கும் மனோதர்மம். ரசிகர்கள் ஊசியைத் தூக்கி அடுத்த பாடலுக்கு வைத்துவிடுவார்கள். ஆனால் அந்தக் கிசுகிசுப்பின் நடுவே ஃபிரிப்பின் கிதார் போகிறபோக்கில் ஒரு பழைய மெட்டைத் தொட்டுவிட்டுப் போகிறது. 1943இல் அரங்கேறிய 'ஒக்லஹாமா' என்ற பிராட்வே இசை நாடகத்தில் குதிரை வண்டியைப் பற்றி வரும் பாடலின் மெட்டு அது. பாக் இல்லை, ஸ்ட்ராவின்ஸ்கி இல்லை, பிராட்வே! என் வாதத்துக்கு ஒரே ஒரு சாட்சியைக் கூண்டில் ஏற்றலாம் என்றால் இந்தச் சில நொடிகளையே ஏற்றுவேன்.

தொழில் பயிற்சி மட்டும் போதாது, கேட்கும் சூழலும் வேண்டும் என்பதை மறுக்கவில்லை. 1967 ஆகஸ்டில், உரிமம் இல்லாமல் கடலிலிருந்து ஒலிபரப்பிய 'கடற்கொள்ளை' வானொலிகள் சட்டத்தால் வாயடைக்கப்பட்டன. செப்டம்பரில் பிபிசியின் ரேடியோ ஒன் தொடங்கியது, ஜான் பீல் போன்ற அறிவிப்பாளர்களுக்கு அங்கே இடம் கிடைத்தது. மார்க்கீ போன்ற கிளப்புகளும் கல்லூரி மாணவர் சங்கங்களும் உட்கார்ந்து கேட்கும் கூட்டத்தை உருவாக்கின. தனிப்பாட்டுத் தட்டைவிட நெடுந்தட்டில் லாபம் இருக்கிறது என்று கம்பெனிகள் கண்டுகொண்டு ஹார்வெஸ்ட், வெர்டிகோ என்று தனி முத்திரைகளே தொடங்கின. இவற்றைப் பற்றி இன்று விரிவான கட்டுரைகள் இருப்பதால் நான் விலகிக்கொள்கிறேன்.

அந்தக் கூட்டணி ஓராண்டுகூட நிலைக்கவில்லை. 1969 டிசம்பரில், அமெரிக்கப் பயணத்தின் முடிவில், மெக்டொனால்டும் ஜைல்ஸும் விலகுவதாக அறிவித்தார்கள். லேக் எமர்சனோடு சேரப் போனார். ஃபிரிப்பிடம் எஞ்சியது பெயர். பின்வந்த குழுக்கள் பலவும் இந்தத் தட்டிலிருந்து மெலட்ரானை எடுத்துக்கொண்டன, நீளத்தை எடுத்துக்கொண்டன, அரசவையையும் எடுத்துக்கொண்டன. அடக்கி வாசிப்பதை எடுத்துக்கொண்டவர்கள் எத்தனை பேர்? அடுத்த பத்தாண்டில் இந்த இசை மேல் விழுந்த ஏளனத்தில் பாதி அந்தக் குறையிலிருந்து வந்ததுதான்.

பிற்பகல் அமர்வில் பங்க் இசை புரோகிரஸிவ் ராக்கைக் கொன்றது என்ற கட்டுரை இருக்கிறது. அதைப் படிக்கப்போகும் இளைஞரிடம் இப்போதே ஒரு கேள்வியை வைத்துவிடுகிறேன். மதிய உணவு வரை அவருக்கு அவகாசம் உண்டு. செக்ஸ் பிஸ்டல்ஸ் 1977இல் தங்கள் ஆல்பத்தைப் பதிவு செய்தது இதே வெசெக்ஸ் மண்டபத்தில். 1979இல் கிளாஷ் குழு 'லண்டன் காலிங்' பதிவு செய்ததும் அங்கேதான். பிஸ்டல்ஸ் ஆல்பத்தின் தயாரிப்பாளர்களில் ஒருவரான கிறிஸ் தாமஸ், அதற்கு நான்கு ஆண்டு முன்பு பிங்க் ஃபிளாய்டின் 'டார்க் சைடு ஆஃப் த மூன்' ஒலிக்கலவையை மேற்பார்த்தவர். புரோகோல் ஹாரமின் ஆல்பங்களைத் தயாரித்தவரும் அவரே. அந்த பங்க் தட்டில் ஸ்டீவ் ஜோன்ஸின் கிதார் தடத்தின்மேல் தடமாக எத்தனை அடுக்கு ஏறியிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். கொலை நடந்ததாகச் சொல்லும் அறையில் கருவிகளை இயக்கிய கைகள் யாருடையவை?

முதல் அமர்வின் தலைவரை மேடைக்கு அழைக்கிறேன்.