தப்பு போடவே ஒரு நோட்டு
(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



சேமிப்பு, கடன் பத்தி எப்பவும் பேசுறோம். இன்னிக்கு இந்தச் சின்ன நோட்டைப் பத்திப் பேசுறேன். இது நான் படம் போட்டுப் பழகுற நோட்டு.

இந்தப் பென்சிலுக்கு வாட்டர் கலர் பென்சில் என்று பேர். சாதாரணக் கலர் பென்சிலில் மெழுகோ எண்ணெயோ இருக்கும், தண்ணீரில் கரையாது. இது கரையும். லேசாகத் தீட்டி, ஈரப் பிரஷ்ஷால் தடவினால் பெயிண்ட் ஆகிவிடும்.

என் முதல் பக்கம் கெட்டுத்தான் போச்சு. தண்ணீர் அதிகமாகி, பச்சையும் சிவப்பும் கலந்து சேறு மாதிரி ஆச்சு. அப்புறம்தான் சிலது புரிந்தது. வெளிர் நிறம் முதலில், அடர் நிறம் பிறகு. மஞ்சள் மேல் நீலம் போட்டால் பச்சை. வெள்ளை வேணுமென்றால் தாளை அப்படியே விடணும். நிறம் மாற்றும்போது பிரஷ்ஷைக் கழுவணும். எழுதுற நோட்டுத் தாள் சுருங்கும். கடையில் 200 ஜி.எஸ்.எம். தாள் என்று கேளுங்கள்.

ஒரு குழுக் கூட்டம் முடிந்ததும் இதை ஓர் அக்காவிடம் நீட்டினேன். தீர்மான நோட்டில் எப்பவும் கைரேகை வைப்பவர்.

"வேண்டாம் கண்ணு, நல்ல தாளு வீணாப் போயிரும்" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வீணாக்கத்தான்க்கா இந்த நோட்டு" என்றேன்.

குழுக் கடனில் வாங்கிய ஆட்டை வரைந்தார். நாலு காலும் நாலு உயரம். பிரஷ் பட்டுப் பழுப்பு நிறம் பரவியதும், "அட, ரோமம் மாதிரியே வருதே!" என்று சிரித்தார். பிறகு மெதுவாக, "கீழ என் பேரைப் போடணும். எப்படின்னு எழுதிக் காட்டு" என்றார்.

கையெழுத்துப் பழகுங்க என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன். அப்போதெல்லாம் வராத ஆசை அன்னிக்கு வந்தது. தீர்மான நோட்டில் தப்பு வந்தால் பத்துப் பேர் பார்ப்பாங்க. இதில் பக்கத்தைத் திருப்பினால் போதும். அந்தப் பயத்தை நான் அதுவரை யோசிக்கவே இல்லை.

அந்த அக்கா இன்னும் ரேகைதான் வைக்கிறார். ஆனால் இந்த நோட்டில் மூணு தடவை பேர் எழுதியாச்சு.

புள்ளி வைத்துக் கோலம் போட்டுப் பழகின கை நம்ம கை. அடுத்த கூட்டத்துக்கு நோட்டைக் கொண்டு வர்றேன். ஆளுக்கு ஒரு பக்கம். தைரியமாகக் கெடுங்கள்!