வளையும் சிறகு சொல்லும் பொருளியல்

(ஸ்ரீ விஜயபுரத்தில் மாணவர்களும் அரசு அலுவலர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



பொருளாதாரம் பயின்ற ஒருவன் பறவையின் சிறகைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுக்கு வியப்பளிக்கலாம். செலவு எவ்வளவு, பயன் எவ்வளவு என்று கேட்பது எங்கள் துறையின் வழக்கம். பறத்தலும் அத்தகைய கணக்கேயாகும். காற்றில் நிலைத்திருக்கப் பறவை ஒவ்வொரு நொடியும் ஆற்றலைச் செலவிடுகிறது. அச்செலவைச் சிக்கனப்படுத்துவதில் சிறகின் வளையும் விளிம்புக்குப் பெரும் பங்கு உண்டு.

நம் தீவுகளிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. பாரதாங்கிலும் வட அந்தமானிலும் உள்ள சுண்ணாம்புக் குகைகளில் உழவாரக் குருவிகள் வாழ்கின்றன. 'ஹவாபில்' என்று இங்குள்ளோர் அழைக்கும் இச்சிறு பறவை, இருளில் ஒலியெழுப்பி, அதன் எதிரொலியால் வழியறிந்து பறக்கிறது. தன் உமிழ்நீரால் குகைச் சுவரில் கூடு கட்டுகிறது.

பறவைச் சிறகின் முன் விளிம்பு எலும்பாலும் தசையாலும் உறுதி பெற்றது. பின் விளிம்போ வளையும் இறகு நுனிகளால் ஆனது. இந்த வேறுபாட்டின் பயன் யாது? வளையாத மெல்லிய பலகையொன்றை நேராக மேலும் கீழும் அசைப்பதாகக் கொள்வோம். காற்றின் அழுத்தம் பெரும்பாலும் பலகையின் முகத்திற்குச் செங்குத்தாகவே செயற்படும். எனவே முன்னே தள்ளும் விசை மிகச் சிறிதாகவே கிடைக்கும்.

இப்போது பின் விளிம்பு வளையக்கூடியது என்று கொள்வோம். சிறகு கீழே இறங்கும்போது பின் விளிம்பு சற்றே பிந்தி, மேல் நோக்கி வளையும். அதனால் காற்று கீழேயும் பின்னேயும் தள்ளப்படுகிறது. பறவை மேலேயும் முன்னேயும் உந்தப்படுகிறது. சிறகு மேலே எழும்போது அதே விளிம்பு கீழ் நோக்கி வளைந்து, மீண்டும் காற்றைப் பின்னே தள்ளுகிறது. மேலெழும் வேளையில் பறவை சிறகை ஓரளவு மடக்கிக்கொள்வதால் தூக்குவிசையின் இழப்பும் குறைகிறது. தனியாக ஒரு பொறி இன்றி, வளைவே உந்துவிசையைத் திருத்தி அமைக்கிறது.

மேலும் கீழும் அசையும் சிறகிலிருந்து உந்துவிசை பிறப்பதை 1909இல் நோலரும் 1912இல் பெட்ஸும் தனித்தனியே விளக்கினர். பூச்சிகளின் சிறகுகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிரிவதால் தூக்குவிசை பெருகுவதை 1973இல் வைஸ்ஃபோ எடுத்துக்காட்டினார். வளையும் சிறகுகள் ஏட்டின் தாள்கள் உரிவதுபோல மெல்லப் பிரிகின்றன.

எனினும் மென்மை மிகுந்தால் நன்மை மிகும் என்று கருதுதல் தவறு. அளவுக்கு மீறித் தளர்ந்த விளிம்பு படபடக்குமேயன்றி விசை தராது. எடைக்கும் அடிக்கும் வேகத்திற்கும் ஏற்ற நெகிழ்ச்சியே வேண்டும். நிக்கோபாரின் பழந்தின்னி வௌவால் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. விரலெலும்புகளுக்கு இடையே விரிந்த அதன் தோற்சிறகின் இறுக்கத்தை உள்ளிருக்கும் நுண்தசைகள் வேண்டியவாறு மாற்றுகின்றன.

இவ்வறிவால் ஆகும் பயன் என்ன? 2011இல் அமெரிக்காவில் 16 சென்டிமீட்டர் சிறகு விரிவும் 19 கிராம் எடையும் கொண்ட தேன்சிட்டு போன்ற பறக்கும் கருவியொன்று காட்டப்பட்டது. இத்தகையது தீவுக்குத் தீவு நோயாளியைக் கொண்டுசெல்லாது. அதற்குக் கப்பலும் ஹெலிகாப்டருமே வேண்டும். ஆயினும் மனிதர் நுழைய இயலாத குகைகளையும் இடிபாடுகளையும் நோக்குவதற்கு இவ்வகைக் கருவிகள் உதவக்கூடும். மிகையான நம்பிக்கையும் வேண்டாம்; அலட்சியமும் வேண்டாம்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் உண்டு. உழவாரக் குருவியின் கூட்டுக்கு வெளிநாட்டுச் சந்தையில் பெரும் விலை உண்டு. முட்டையும் குஞ்சும் இருக்கும்போதே கூடுகள் பெயர்த்தெடுக்கப்பட்டதால் இப்பறவையின் தொகை பெருமளவு வீழ்ந்தது. கோயம்புத்தூரில் உள்ள சலீம் அலி பறவையியல் மையத்தைச் சேர்ந்த டாக்டர் ரவி சங்கரன், வனத்துறையுடன் இணைந்து 1999இல் வட அந்தமானின் சாலிஸ் ஏக் குகைகளில் பாதுகாப்புப் பணியைத் தொடங்கினார். முன்னர்க் கூடு எடுத்தவர்களே காவலர்களாயினர். குஞ்சுகள் பறந்துசென்ற பின்னரே கூட்டை எடுத்தால் இனமும் அழியாது, வருவாயும் நிற்காது என்பதே அதன் அடிப்படை. முதலை அழித்துவிட்டு வட்டியை எதிர்பார்க்க முடியாது என்னும் எளிய பொருளியலே இது.

கூட்டுக்கு விலை உண்டு. சிறகுக்கு விலை குறிக்கப்படவில்லை. விலை குறிக்கப்படாதது நம் திட்டக் கணக்குகளில் பூஜ்யமாகிவிடுகிறது. ஓர் இனம் மறைந்தால் பல ஆயிரம் தலைமுறைகளாகத் திருந்திய ஓர் அமைப்பை அளந்தறியும் வாய்ப்பும் மறையும். எனவே மாணவர்கள் கூர்ந்து நோக்கி அளக்கப் பழகுங்கள். அலுவலர்கள் ஒரு திட்டத்தின் ஆதாயத்தை எழுதும்போது, அதனால் இழக்கப்படுவதையும் எதிர்ப்பக்கத்தில் எழுதுங்கள். இரு பக்கமும் எழுதப்பட்ட கணக்கே நேர்மையான கணக்கு.