"இது எங்க வீட்டு விஷயம்": விஜயலட்சுமி பண்டிட்டின் கதை

பக்கத்து வீட்ல ஏதோ சத்தம் கேட்குதுன்னு போய் கதவைத் தட்டினா, முதல்ல வர்ற பதில் என்ன? "இது எங்க வீட்டு விஷயம், நீங்க தலையிடாதீங்க." நாடுகளும் இதையேதான் சொல்லும். கொஞ்சம் கௌரவமா, 'உள்நாட்டு விவகாரம்'னு.

இந்தப் பதிலை வாழ்க்கையில மூணு தடவை நேருக்கு நேர் சந்திச்ச ஒருத்தரைப் பத்திதான் இன்னைக்குப் பேசப்போறோம். விஜயலட்சுமி பண்டிட். பாடப்புத்தகத்துல இவங்களுக்கு ரெண்டு வரி இருக்கும்: நேருவின் தங்கை, ஐ.நா. பொதுச்சபையின் முதல் பெண் தலைவர். அந்த ரெண்டு வரிக்கு நடுவுல இருக்கிறதுதான் நம்ம கதை.

1900-ல அலகாபாத்ல பிறந்தாங்க. பெரிய வீடு, பணக்காரக் குடும்பம். ஆனா பள்ளிக்கூடம் போய்ப் படிச்சதில்லை, வீட்டுக்கே ஆசிரியர் வந்து சொல்லிக்கொடுத்தாங்க. கையில பட்டம் எதுவும் கிடையாது. சுதந்திரப் போராட்டத்துல மூணு முறை ஜெயிலுக்குப் போனாங்க. 1937 தேர்தல்ல ஐக்கிய மாகாண சட்டசபைக்கு ஜெயிச்சு, உள்ளாட்சிக்கும் பொது சுகாதாரத்துக்கும் அமைச்சர் ஆனாங்க. சுதந்திரத்துக்கு முன்னாடியே இந்தியாவுல அமைச்சரான முதல் பெண் இவங்கதான். 1939-ல, இந்தியாவைக் கேட்காமலே பிரிட்டன் நம்மளை உலகப்போர்ல இழுத்துவிட்டப்போ, காங்கிரஸ் அமைச்சரவைகள் எல்லாம் ராஜினாமா செஞ்சது. இவங்க பதவியும் போச்சு.

இப்போ முதல் தடவைக்கு வருவோம். 1944 ஜனவரி. கணவர் ரஞ்சித் பண்டிட், 'ராஜதரங்கிணி'யை ஆங்கிலத்துல மொழிபெயர்த்த அறிஞர். ஜெயில்ல உடம்பு கெட்டுப்போய், வெளியே வந்த கொஞ்ச நாள்லயே இறந்துட்டார். மூணு பெண் பிள்ளைகள், ஆண் வாரிசு இல்லை. அன்னைக்கு இருந்த சட்ட நிலைமையில, கணவர் குடும்பத்துச் சொத்து இவங்க கைக்கு வரலை. முன்னாள் அமைச்சர், மோதிலால் நேருவோட மகள்... இவங்களுக்கே இந்த நிலைமைன்னா, பேர் தெரியாத ஒரு விதவைக்கு என்ன நடந்திருக்கும்? கேட்டா, குடும்ப விஷயம். இந்து விதவைகளுக்குச் சொத்துல முழு உரிமை தர்ற வாரிசுரிமைச் சட்டம் வர்றதுக்கு 1956 வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த நிலைமையிலதான் அமெரிக்கா போறாங்க. 1945-ல சான் பிரான்சிஸ்கோவுல ஐ.நா.வை உருவாக்குற மாநாடு நடக்குது. இந்தியா சார்புல பிரிட்டிஷ் அரசு தேர்ந்தெடுத்த ஒரு குழு உள்ளே உட்கார்ந்திருக்கு. அதுக்குத் தலைவர் நம்ம ஆற்காடு ராமசாமி முதலியார். விஜயலட்சுமிக்கு உள்ளே இடம் கிடையாது. அதனால என்ன, வெளியே கூட்டம் போட்டாங்க, பத்திரிகைக்காரங்ககிட்ட பேசினாங்க. உள்ளே இருக்கிறவங்க இந்தியாவோட பிரதிநிதிகள் இல்லை, பிரிட்டன் நியமிச்சவங்கன்னு சொன்னாங்க. பதவியே இல்லாம ராஜதந்திரம் பண்ண ஆரம்பிச்சது இங்கதான்.

அடுத்த வருஷமே எல்லாம் தலைகீழா மாறுது. 1946 செப்டம்பர்ல நேரு தலைமையில இடைக்கால அரசு. ஐ.நா.வுக்குப் போற இந்தியக் குழுவுக்கே இவங்கதான் தலைவர். இதுதான் ரெண்டாவது தடவை.

பிரச்சினை என்னன்னா, தென்னாப்பிரிக்கா ஒரு புதுச் சட்டம் கொண்டுவந்திருந்தது. நேட்டால், டிரான்ஸ்வால் பகுதிகள்ல இந்தியர்கள் எங்கே நிலம் வாங்கலாம், எங்கே குடியிருக்கலாம்னு கட்டுப்படுத்துற சட்டம். அந்த இந்தியர்கள் யாரு? மெட்ராஸ்ல இருந்து கிளம்பின 'ட்ரூரோ' கப்பல் 1860 நவம்பர்ல டர்பன் போய்ச் சேர்ந்தது. அதுலயும் அதுக்கப்புறம் வந்த கப்பல்கள்லயும் கரும்புத் தோட்டத்துக்குப் போன ஒப்பந்தக் கூலிகளோட பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். அதுல பெரிய பங்கு தமிழர்கள்.

தென்னாப்பிரிக்கா தரப்புல எதிரே உட்கார்ந்திருந்தவர் பிரதமர் ஜான் ஸ்மட்ஸ். ஐ.நா. சாசனத்தோட முன்னுரையை எழுதுறதுல பங்கு வச்சவர், உலகமே மதிச்ச தலைவர். அவர் வாதம் ஒண்ணே ஒண்ணுதான்: இது எங்க உள்நாட்டு விவகாரம், இதைப் பேச ஐ.நா.வுக்கு அதிகாரமே இல்லை. விஜயலட்சுமியோட பதில்: நிறத்தைப் பார்த்து மனுஷனை ஒதுக்குறது எந்த நாட்டுக்கும் உள் விஷயம் ஆகாது.

டிசம்பர் 8 அன்னைக்கு ஓட்டெடுப்பு. மூணுல ரெண்டு பங்கு வேணும். ஆதரவு 32, எதிர்ப்பு 15, நடுநிலை 7. கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரே ஒரு ஓட்டு எதிர்ப்பக்கம் மாறியிருந்தா தீர்மானம் தோத்திருக்கும். பிரிட்டனும் அமெரிக்காவும் எதிர்த்து ஓட்டுப் போட்டாங்க. அதாவது, இன்னும் சுதந்திரமே வாங்காத ஒரு நாடு, தன்னை ஆளுற நாட்டை ஐ.நா.வுல தோற்கடிச்சிருக்கு.

ஜெயிச்ச கையோட நேரா ஸ்மட்ஸ்கிட்ட போய், தன் பேச்சுல ஏதாவது மனசைப் புண்படுத்தியிருந்தா மன்னிக்கணும்னு கேட்டாங்க. காந்தி சொல்லி அனுப்பினது அப்படி. அதுக்கு ஸ்மட்ஸ், இது உள்ளீடு இல்லாத வெற்றி, அடுத்த தேர்தல்ல நான் தோத்துடுவேன், உங்களுக்கும் ஒண்ணும் கிடைக்காதுன்னு சொன்னதா இவங்க சுயசரிதையில எழுதியிருக்காங்க.

அவர் சொன்னது பாதி பலிச்சது. 1948-ல அவர் தோத்தார், வந்தவங்க அபார்தைடையே அரசுக் கொள்கை ஆக்கினாங்க. டர்பன்ல இருந்த தமிழ்க் குடும்பத்துக்கு அந்தத் தீர்மானத்தால வீடு திரும்பக் கிடைக்கலை. ஆனா மீதிப் பாதி தப்பாப் போச்சு. கதவு ஒருமுறை திறந்துடுச்சு. அதுக்கப்புறம் வருஷா வருஷம் தென்னாப்பிரிக்கா ஐ.நா.வுல பதில் சொல்ல வேண்டியிருந்தது.

சுதந்திரத்துக்கு அப்புறம் மாஸ்கோவுல தூதர், வாஷிங்டன்ல தூதர், லண்டன்ல ஹை கமிஷனர். 1953-ல ஐ.நா. பொதுச்சபைத் தலைவர். அந்த நாற்காலியில அடுத்த பெண், லைபீரியாவின் ஆஞ்சி ப்ரூக்ஸ், உட்கார 1969 ஆச்சு. அதுக்கு அடுத்தவர் 2006-ல.

ஒரு விஷயத்தை மறைக்க வேண்டாம். அண்ணன் பிரதமர், வெளியுறவுத் துறையும் அவர்கிட்டதான். இந்தப் பதவிகளுக்கு அந்த உறவு உதவலைன்னு யாரும் சொல்ல முடியாது. அந்த உறவு எல்லா இடத்துலயும் பலிக்கவும் இல்லை. மாஸ்கோவுல இருந்த காலம் முழுக்க ஸ்டாலின் இவங்களைச் சந்திக்கவே இல்லை. ஆனா இவங்க யாருன்னு காட்டினது நம்ம மூணாவது தடவைதான்.

1975-ல எமர்ஜென்சி. எதிர்க்கட்சித் தலைவர்கள் ஜெயில்ல, பத்திரிகைகளுக்குத் தணிக்கை. பிரதமர், சொந்த அண்ணன் மகள் இந்திரா. இவங்க ஓய்வு பெற்று டேராடூன்ல இருக்காங்க. பேசாம இருந்திருந்தா யாரும் குறை சொல்லியிருக்க மாட்டாங்க. அத்தை, மருமகள், குடும்ப விஷயம்னு ஊரே விட்டிருக்கும். ஆனா 1977 தேர்தல்ல, 76 வயசுல, வெளியே வந்து இந்திராவுக்கு எதிரா ஊர் ஊராப் பிரச்சாரம் பண்ணாங்க. இந்திரா தோத்தாங்க. அதுக்கப்புறம் இவங்க போன இடம், ஐ.நா. மனித உரிமை ஆணையம், இந்தியாவோட பிரதிநிதியா.

அடுத்தவன் வீட்டுக் கதவைத் தட்டுறது ஈஸி. இவங்க தன் வீட்டுக் கதவையும் தட்டினாங்க. 'உள்நாட்டு விவகாரம்'ங்கிற வார்த்தையை இன்னைக்கு எல்லா அரசுகளும் சொல்லுது, நம்ம அரசும் சேர்த்துத்தான். அடுத்த முறை செய்தியில அது காதுல விழும்போது, உள்ளே யாரு அடி வாங்குறாங்கன்னு ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க.

இதைப் பத்தி உங்களுக்கு என்ன தோணுதுன்னு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.