ஏரி வற்றினால் மீன் எங்கே போகும்?



இன்று மீனைப் பற்றிப் பேசப் போகிறேன். குழம்பு வைப்பதைப் பற்றி அல்ல. அது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

மாசி மாதம் ஏரி சுருங்கத் தொடங்கும். சித்திரையில் மடைக்குப் பக்கத்தில் ஒரு குட்டை மட்டும் மிஞ்சும். வைகாசியில் அதுவும் சேறாகிவிடும். ஏரியின் நடுவில் ஆடு மேயும். பிறகு மழை வருகிறது. ஏரி நிறைகிறது. கொஞ்ச நாளில் பையன்கள் தூண்டிலோடு கரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். மீனும் சிக்குகிறது. அந்த மீனை யாரும் கொண்டுவந்து விடவில்லை. அது எங்கிருந்து வந்தது?

ஊரில் கேட்டால் இரண்டு பதில் கிடைக்கும். மழையோடு மீனும் விழுந்தது என்பார்கள் சிலர். மீன் முட்டை மண்ணில் காய்ந்து கிடந்தது, தண்ணீர் பட்டதும் பொரித்தது என்பார்கள் வேறு சிலர். சுழல்காற்று எப்போதோ ஒருமுறை மீனைத் தூக்கிப் போடலாம். அதனால் ஒரு ஏரிக்கு மீன் வந்துவிடாது. காய்ந்த சேற்றில் முட்டை பிழைத்துக் கிடப்பதும் பொய் அல்ல. ஆனால் அது ஆப்பிரிக்காவில் மழைக்குட்டைகளில் வாழும் சில குட்டி மீன்களின் கதை. நம் ஏரி மீன்களுக்கு அந்த வசதி கிடையாது. கெண்டை முட்டை ஒரு நாளிலேயே பொரித்துவிடும். காய்ந்தால் செத்துப்போகும்.

அப்படியானால் கோடையில் எங்கோ சில மீன்கள் உயிரோடு இருந்திருக்க வேண்டும். எங்கே, எப்படி? அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

தண்ணீர் குறைந்தால் மீனுக்கு முதலில் வரும் கஷ்டம் மூச்சுத்திணறல். மீனும் நம்மைப்போல் பிராணவாயுவை நம்பித்தான் வாழ்கிறது. ஒரு லிட்டர் காற்றில் 200 மில்லிக்கு மேல் பிராணவாயு இருக்கிறது. ஒரு லிட்டர் ஏரித் தண்ணீரில் 5 அல்லது 6 மில்லிதான் கரைந்திருக்கும். தண்ணீர் சூடானால் அதுவும் குறையும். குட்டையில் பாசியும் செடியும் அழுகும்போது மிச்சத்தையும் தின்றுவிடும். பகலில் வெயில் பட்டுச் செடிகள் பிராணவாயு விடுகின்றன. இரவில் செடியும் மூச்சு வாங்குகிறது, மீனும் மூச்சு வாங்குகிறது. விடியற்காலையில் பிராணவாயு மிகவும் குறைந்துவிடும். அந்த நேரத்தில் குட்டைப் பக்கம் போனால் கெண்டைகள் வாயை மேலே நீட்டித் திறந்து திறந்து மூடுவதைப் பார்க்கலாம். மீன் விளையாடுகிறது என்று பிள்ளைகள் சொல்வார்கள். அது உயிருக்குப் போராடுகிறது.

கெண்டை, கட்லா, ரோகு எல்லாம் செவுளை மட்டுமே நம்பி வாழ்பவை. குட்டை மோசமானால் முதலில் மிதப்பவை இவைதான். கொக்கும் நாரையும் கூட்டமாக வந்து இறங்குவதும் அப்போதுதான்.

விரால் வேறு மாதிரி. அதன் தலைக்குள் செவுளுக்கு மேலே காற்று அறை இருக்கிறது. தண்ணீருக்கு மேலே வந்து ஒரு வாய் காற்றை இழுத்துக்கொண்டு உள்ளே போகும். வளர்ந்த விராலை மேலே வரவிடாமல் தண்ணீருக்குள்ளேயே பிடித்து வைத்தால் மூச்சுமுட்டிச் செத்துவிடும். தண்ணீரிலேயே வாழும் மீன் தண்ணீரில் மூழ்கிச் சாகும் என்றால் நம்ப முடிகிறதா? சந்தையில் விரால் விற்கும் அம்மாவைக் கவனித்துப் பாருங்கள். தாம்பாளத்தில் இரண்டு விரல் தண்ணீர்தான் இருக்கும். மீன் துள்ளிக்கொண்டு கிடக்கும்.

தண்ணீர் வற்றிச் சேறானதும் விரால் சேற்றுக்குள் நுழைந்துகொள்ளும். உடம்பில் வழவழப்பு இருக்கும். அசையாமல் கிடக்கும். தீனி கிடையாது. அசையாத உடம்புக்குச் செலவும் குறைவு. குரவையும் தேளியும் இப்படித்தான் சேற்றில் பதுங்கும். தேளிக்குக் காற்றுப்பை தலையில் தொடங்கி முதுகோரமாக வால் பக்கம்வரை நீண்டிருக்கும். பதுங்கிய தேளியை வெறுங்கையால் தோண்டி எடுக்காதீர்கள். அதன் முள் கொட்டினால் தேள் கடுப்புதான். பெயரே அப்படித்தான் வந்திருக்கிறது. அயிரைக் குடும்பத்து மீன்கள் சில காற்றை விழுங்கிக் குடல் வழியாகப் பிராணவாயுவை எடுத்துக்கொள்ளும்.

ஒன்றை மறக்கக் கூடாது. சேற்றில் ஈரம் இருக்கும்வரைதான் இந்த மீன்கள் பிழைக்கும். மண் செங்கல்லாகக் காய்ந்துவிட்டால் விராலும் தப்பாது.

பனையேறிக் கெண்டைக்கு உட்கார்ந்திருக்கப் பொறுமை இல்லை. குட்டை கெட்டுப்போனால் அது ஈரத்தரையில் ஊர்ந்து வேறு தண்ணீரைத் தேடிப் போய்விடும். செவுள் மூடியில் ரம்பம்போல் முட்கள். அவற்றைத் தரையில் ஊன்றி, வாலால் உந்தி உந்தி நகரும். 1791இல் தரங்கம்பாடியில் டால்டார்ஃப் என்ற டேனிஷ் கம்பெனி அதிகாரி, பனைமரத்தில் இந்த மீனைப் பார்த்ததாக எழுதி வைத்தார். அது தானே ஏறியதா? பறவை கவ்விக்கொண்டுபோய் மரத்தில் போட்டிருக்கலாம் என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். எனக்கும் பறவைக் கதைதான் சரியாகப் படுகிறது. ஆனால் தரையில் அது நடப்பது உண்மை.

ஜிலேபிக் கெண்டை நம் நாட்டு மீன் அல்ல. 1952இல்தான் இந்தியாவுக்கு வந்தது. தாய் மீன் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காக்கும். கெட்ட தண்ணீரையும் தாங்கும். நெருக்கடியான குட்டையில் சிறு உருவத்திலேயே முட்டை போடத் தொடங்கிவிடும். அதனால்தான் பல ஏரிகளில் இப்போது உள்ளங்கை அளவு ஜிலேபியே கிடைக்கிறது. ஆப்பிரிக்கக் கெளுத்தியும் காற்றைச் சுவாசிக்கும், ஊர்ந்தும் போகும். மற்ற மீன்களைத் தின்று தீர்க்கும் என்பதால் அதை வளர்க்க 2000ஆம் ஆண்டில் மத்திய அரசு தடை போட்டது.

இனி முதல் கேள்விக்கு வருவோம். மழை வந்ததும் சேற்றில் கிடந்தவை எழும். கடைசிக் குட்டையில் தப்பியவை பரவும். மேல் ஏரி நிறைந்து கலிங்கு வழியாகத் தண்ணீர் இறங்கும்போது அங்குள்ள மீனும் சேர்ந்து வரும். நம் ஏரி மீன் புதுத்தண்ணீரை எதிர்த்து வாய்க்காலில் ஏறி, வயலில் முட்டை போடும். கேரளத்தில் இந்த மீன் ஏற்றத்துக்கு ஊத்த என்றே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். சினை மீன் என்று தெரிந்தும் அப்போதுதான் அதிகம் பிடிக்கிறார்கள். நாமும் வாய்க்காலில் குறுக்கே கூடு வைக்கிறோம்.

கட்லாவும் ரோகும் இப்படித் திரும்பி வராது. அவை ஆற்று வெள்ளத்தில் முட்டை போடும் மீன்கள். ஏரியில் தாமாகப் பெருகுவதில்லை. 1957இல் ஒரிசாவில் ஊசி போட்டு முட்டையிட வைக்கும் முறையைக் கண்டுபிடித்தார்கள். அதிலிருந்துதான் பண்ணைக் குஞ்சு தாராளமாகக் கிடைக்கிறது. அதைக் காசு கொடுத்து வாங்கி விட வேண்டும். விட்டவருக்குத்தான் அந்த மீனும் சொந்தம். விரால், குரவை, தேளி, அயிரை இவற்றுக்கு யாரும் காசு கொடுப்பதில்லை. கூலி வேலை இல்லாத நாளில் ஒரு தூண்டிலோ கிழிந்த சேலையோ இருந்தால் போதும், ஏழை வீட்டுச் சட்டியில் குழம்பு கொதிக்கும்.

இப்போது பல ஊர்களில் என்ன நடக்கிறது? ஏரி வற்றும்போது கடைசிக் குட்டையில் எஞ்சின் வைத்து அடிவரை இறைக்கிறார்கள். சேற்றைக் கிளறிப் பொடி மீனையும் அள்ளுகிறார்கள். குத்தகைக்காரரை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். அவர் இறைத்துவிட்டுப் போன பிறகு மண்வெட்டியோடு இறங்குவது நாம்தான். மேல் ஏரிக்கும் நமக்கும் நடுவில் வாய்க்கால் தூர்ந்து கிடந்தால் அந்தப் பக்கத்திலிருந்தும் மீன் வராது. அந்த வருஷம் ஏரி நிறையத் தண்ணீர் இருக்கும், அள்ள மீன் இருக்காது.

மடைக்குப் பக்கத்தில் இடுப்பளவு ஆழத்தில் ஒரு பள்ளம் வெட்டி, அதை இறைக்கக் கூடாது என்று ஊர்க்கூட்டத்தில் முடிவு செய்யலாம். குத்தகைச் சீட்டிலேயே அதை எழுதச் சொல்லலாம். எழுதியிருக்கிறதா என்று படித்துப் பார்க்க இங்கே இப்போது பலருக்குத் தெரியும். அந்தப் பள்ளத்தில் ஆடு மாடும் தண்ணீர் குடிக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மழைக்குப் பிறகு கரையோரத்தில் சிவப்பாகக் குஞ்சுக்கூட்டம் பந்துபோல் சுற்றும். அவை விரால் குஞ்சுகள். கூட்டமாக மேலே வந்து காற்று குடித்துவிட்டு இறங்கும். அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். குஞ்சைப் பார்த்ததும் அங்கே தூண்டில் போடுகிறோம். காவல் மீன் கோபத்தில் பாய்ந்து மாட்டிக்கொள்ளும். காவல் போன குஞ்சுகளை மற்ற மீன்கள் சும்மா விடுவதில்லை. குஞ்சுகள் சிவப்பு மாறிக் கூட்டம் கலையும்வரை அந்த இடத்தை விட்டுவிட்டு, தூண்டிலை வேறு பக்கம் போடுங்கள்.