நன்கொடை கேட்பவர் காட்ட வேண்டிய கணக்கு



உங்கள் ஊரில் ஏதாவது ஒரு தொண்டு நிறுவனம் இருக்கும். முதியோர் இல்லமாக இருக்கலாம், மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான பள்ளியாக இருக்கலாம், ஏழை மாணவர்களுக்கான மாலை நேர வகுப்பாக இருக்கலாம். அதை நடத்துகிறவரிடம் போய், உங்களுக்குப் பெரிய கவலை எது என்று கேட்டுப் பாருங்கள். குழந்தைகளைப் பற்றித்தான் பேச ஆரம்பிப்பார். கொஞ்ச நேரத்தில் பேச்சு பணத்தில் வந்து நிற்கும். ஆயாவுக்கு மாதச் சம்பளம், மளிகைக் கடை பாக்கி, கட்டட வாடகை என்று அடுக்குவார். தீபாவளிக்குத் துணிமணியும் இனிப்பும் குவிந்துவிடுகின்றன. பிறந்த நாளுக்கு அன்னதானம் செய்யப் பலர் வருகிறார்கள். ஜூன் மாதத்து மின்கட்டணத்தைக் கட்ட யாரும் வருவதில்லை.

இந்தச் சிக்கலுக்கு உலகத்தில் பல இடங்களில் பல வழிகளைக் கண்டிருக்கிறார்கள். அவற்றில் எது நிலைத்தது, எது ஒரு பருவத்தோடு போயிற்று, நாம் எதை எடுத்துக்கொள்ளலாம் என்பதைத்தான் இன்று உங்களோடு பேசப் போகிறேன்.

முதலில் நம் நாட்டின் வடகிழக்கு மூலையில் உள்ள மிசோரத்துக்குப் போவோம். அங்கே பிரஸ்பிட்டேரியன் திருச்சபையைச் சேர்ந்த வீடுகளில் ஒரு வழக்கம் இருக்கிறது. சோற்றுக்கு அரிசி எடுக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியாக ஒரு பாத்திரத்தில் போட்டுவைக்கிறார்கள். திருச்சபையின் பெண்கள் வீடு வீடாகப் போய் அதைச் சேகரிக்கிறார்கள். சேர்ந்த அரிசியை விற்று, வரும் பணத்தைத் திருச்சபைப் பணிகளுக்குக் கொடுக்கிறார்கள். 1910 ஆம் ஆண்டில் தொடங்கிய வழக்கம் இது. அன்றைக்கு மிசோ மக்கள் கையில் காசு கிடையாது, அரிசி இருந்தது. இன்றைக்குக் காசு வந்துவிட்டது, ஆனாலும் பிடி அரிசி நிற்கவில்லை. ஆண்டுக்குப் பல கோடி ரூபாய் இந்த ஒரு பிடியிலிருந்தே வருகிறது. பிடி அரிசி நமக்கும் புதிதல்ல. கோயில் காரியத்துக்கும் ஏழைகளுக்குச் சோறு போடவும் வீட்டுக்கு ஒரு பிடி சேர்த்த ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு.

இதில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். கொடுக்கும் அளவு மிகச் சிறியது, அதனால் யாருக்கும் பாரமில்லை. ஒவ்வொரு வேளையும் கொடுக்கிறார்கள், அதனால் வரவு நிற்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரரே வந்து வாங்கிப் போகிறார், அதனால் அரிசி எங்கே போகிறது என்று எல்லாருக்கும் தெரிகிறது. சிறு தொகை, தொடர்ந்து வருதல், கண்ணுக்குத் தெரியும் கணக்கு. நவீன நிதி திரட்டலில் வெற்றி பெற்ற வழிகளை எடுத்துப் பார்த்தால், பெரும்பாலானவற்றில் இந்த மூன்றும் இருக்கின்றன.

அடுத்து கனடா. டெரி ஃபாக்ஸ் என்ற இளைஞருக்கு எலும்புப் புற்றுநோய் வந்து, 1977 இல் வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். 1980 ஏப்ரலில் அவர் செயற்கைக் காலோடு கனடாவின் கிழக்குக் கரையிலிருந்து ஓட ஆரம்பித்தார். நாளொன்றுக்கு ஏறக்குறைய 42 கிலோமீட்டர். புற்றுநோய் ஆராய்ச்சிக்காக அவர் கேட்டது, ஒவ்வொரு கனடியரும் ஒரு டாலர் கொடுக்க வேண்டும் என்பதுதான். 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் ஓடிய பிறகு, நோய் நுரையீரலுக்குப் பரவி அவரை நிறுத்தியது. 1981 பிப்ரவரியில் நிதி 2 கோடியே 40 லட்சம் டாலரைத் தாண்டியது. அப்போது கனடாவின் மக்கள் தொகையும் அவ்வளவுதான். அவர் கேட்ட ஒரு டாலர் வந்து சேர்ந்துவிட்டது. அந்த ஜூன் மாதமே, 22 வயதில், அவர் இறந்தார்.

கதை அத்தோடு முடியவில்லை. அந்த ஆண்டு செப்டம்பரிலிருந்து ஆண்டுதோறும் அவர் பெயரில் ஓட்டம் நடக்கிறது. அதில் போட்டி கிடையாது, பரிசு கிடையாது. ஓடலாம், நடக்கலாம், சக்கர நாற்காலியில் வரலாம். இன்று வரை புற்றுநோய் ஆராய்ச்சிக்கு 80 கோடி கனடிய டாலருக்கு மேல் திரண்டிருக்கிறது.

இதற்குப் பக்கத்தில் 2014 ஆம் ஆண்டின் ஐஸ் பக்கெட் சவாலை வைத்துப் பாருங்கள். பலருக்கு நினைவிருக்கும். ஒரு வாளி பனிக்கட்டித் தண்ணீரைத் தலையில் கொட்டிக்கொண்டு, அதைப் படம் பிடித்து முகநூலில் போட்டு, இன்னும் மூன்று பேரை அழைக்க வேண்டும். ஏஎல்எஸ் என்ற நரம்பு நோய்க்காக நடந்த சவால் அது. அந்த ஒரு கோடைகாலத்தில் அமெரிக்க ஏஎல்எஸ் சங்கத்துக்கு மட்டும் 11 கோடியே 50 லட்சம் டாலர் வந்தது. அந்தப் பணம் வீண்போகவில்லை. அதில் நடந்த ஆராய்ச்சியால் 2016 இல் இந்த நோயோடு தொடர்புள்ள ஒரு மரபணு கண்டறியப்பட்டது. ஆனால் அப்படி ஒரு வெள்ளம் அந்தச் சங்கத்துக்கு மறு ஆண்டு வரவில்லை. இணையத்தில் எழும் அலை யார் சொல்லுக்கும் கட்டுப்படாது. இதுபோல நாமும் ஒரு வீடியோ போட்டால் பணம் கொட்டும் என்று நம்பி, கையில் இருக்கிற கொஞ்சப் பணத்தையும் விளம்பரத்தில் செலவழிக்கும் சிறு நிறுவனங்களுக்கு நான் சொல்வது இதுதான்: அலை வந்தால் பயன்படுத்திக்கொள்ளுங்கள், அதை நம்பி வரவு செலவுத் திட்டம் போடாதீர்கள்.

சரி, பணம் கொடுக்கும் வழி எளிதானால் கொடுப்பவர் கூடுவார்களா? கூடுவார்கள். 2010 இல் ஹெய்ட்டி நாட்டில் பெரிய நிலநடுக்கம் வந்தது. அமெரிக்கர்கள் தங்கள் கைபேசியிலிருந்து ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் 10 டாலர் செஞ்சிலுவைச் சங்கத்துக்குப் போகும் என்று ஏற்பாடு செய்தார்கள். பத்துப் பத்து டாலராகவே 3 கோடி டாலருக்கு மேல் சேர்ந்தது. இன்று நம் நாட்டில் அதைவிட எளிய வழி இருக்கிறது. 2016 இல் வந்த யுபிஐ இப்போது இளநீர்க் கடை வரைக்கும் வந்துவிட்டது. மாதா மாதம் ஒரு தொகை தானாகப் போகும்படி செய்யும் ஆட்டோபே வசதி 2020 இல் வந்தது. மாதம் 100 ரூபாய் தரும் 300 பேர் ஒரு சிறு நிறுவனத்துக்குக் கிடைத்தால், மாதம் 30,000 ரூபாய் உறுதி. ஆயாவின் சம்பளமும் மின்கட்டணமும் அதில் அடங்கிவிடும். பிடி அரிசிப் பாத்திரம் இன்று கைபேசிக்குள் வந்துவிட்டது. அதைப் பயன்படுத்தத் தெரிந்த நிறுவனங்கள்தான் இன்னும் குறைவு.

கேட்கும் முறையைப் பற்றியும் ஆய்வு செய்திருக்கிறார்கள். 2007 இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், பங்கேற்றவர்களுக்கு ஆளுக்கு 5 டாலர் கொடுத்து, ஆப்பிரிக்காவின் பசிக் கொடுமைக்கு அதிலிருந்து எவ்வளவு தருவீர்கள் என்று கேட்டார்கள். ஒரு பிரிவினருக்கு மாலி நாட்டில் பசியால் வாடும் ரோக்கியா என்ற ஏழு வயதுச் சிறுமியைப் பற்றி மட்டும் சொன்னார்கள். இன்னொரு பிரிவினருக்கு லட்சக்கணக்கானோர் பட்டினி கிடக்கும் புள்ளிவிவரத்தைக் கொடுத்தார்கள். சிறுமிக்குச் சராசரியாக 2 டாலர் 38 சென்ட் வந்தது. புள்ளிவிவரத்துக்கு அதில் பாதிகூட வரவில்லை. இரண்டையும் சேர்த்துச் சொன்னபோதும் சிறுமிக்கு வந்ததைவிடக் குறைவாகவே வந்தது. மனித மனம் ஒரு முகத்துக்குத்தான் முதலில் இளகுகிறது.

இதை அறிந்த சிலர் அழும் குழந்தையின் படத்தைப் போட்டு, அவசரம், இன்றே பணம் அனுப்புங்கள் என்று கேட்கிறார்கள். அந்தக் குழந்தை நாளை வளர்ந்து பள்ளிக்குப் போகும். அந்தப் படம் அதன் பின்னாலேயே வரும். ஒருவருடைய துன்பத்தைக் காட்டித்தான் உதவி கேட்க வேண்டுமென்றால், அவருடைய சம்மதத்தோடு, அவர் மானம் குறையாமல் கேட்க வேண்டும். இதில் எனக்குச் சமரசம் கிடையாது.

அதே 2007 இல் இன்னோர் ஆய்வு வந்தது. நீங்கள் ஒரு டாலர் கொடுத்தால் ஒரு பெரிய கொடையாளர் தம் பங்குக்கு ஒரு டாலர் போடுவார் என்று எழுதிக் கடிதம் அனுப்பினார்கள். நன்கொடை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடியது. இரண்டு டாலர் போடுவார், மூன்று டாலர் போடுவார் என்று உயர்த்திப் பார்த்தபோது அதற்கு மேல் கூடவில்லை. நமக்கு முன்னால் ஒருவர் நம்பிப் பணம் போட்டிருக்கிறார் என்பதே போதுமான தூண்டுதல். ஹார்வர்டு பல்கலைக்கழகத் தமிழ் இருக்கை உருவானதும் இப்படித்தான். தேவை 60 லட்சம் டாலர். 2015 இல் அமெரிக்காவில் வாழும் இரண்டு தமிழ் மருத்துவர்கள் சேர்ந்து 10 லட்சம் டாலர் கொடுத்துத் தொடங்கிவைத்தார்கள். பிறகு உலகெங்கும் உள்ள தமிழர்கள் தங்களால் இயன்றதை அனுப்பினார்கள். தமிழ்நாடு அரசு 10 கோடி ரூபாய் தந்தது. 2018 இல் இலக்கு நிறைவேறியது.

கேட்காமலே நடத்தும் வழியும் உண்டு. 1976 இல் மதுரையில் மருத்துவர் கோவிந்தப்ப வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கட்டக்கூடியவர்கள் கட்டும் பணத்தில், கட்ட முடியாதவர்களுக்கும் கண்புரை அறுவை சிகிச்சை நடக்கும் ஏற்பாடு அது. வெளிநாட்டிலிருந்து வந்த செயற்கை விழிலென்ஸ் விலை அதிகமாக இருந்ததால், 1992 இல் ஆரோலேப் என்ற பெயரில் அதை இங்கேயே செய்யத் தொடங்கினார்கள். எல்லாச் சேவையையும் இப்படி நடத்த முடியாது. மனநலம் குன்றியவர்களுக்கான இல்லம் யாரிடம் கட்டணம் வாங்கும்? ஆனால் தைக்கவும், பயிற்சி தரவும், பொருள் விற்கவும் முடிந்த நிறுவனங்கள் தம் செலவில் ஒரு பகுதியையாவது தாமே ஈட்ட முயலலாம்.

இனிச் சட்டம் தரும் வழிகள். 2014 ஏப்ரல் முதல், குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்றுமுதலோ நிகரச் சொத்து மதிப்போ உள்ள வணிக நிறுவனங்கள், மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்தப் பணம் பெரும்பாலும் தொழிற்சாலைகள் நிறைந்த மாவட்டங்களுக்கே போகிறது. தொண்டு நிறுவனங்கள் நிதி திரட்ட, சமூகப் பங்குச் சந்தை என்ற ஏற்பாடும் வந்திருக்கிறது. 2023 டிசம்பரில் முதல் தொண்டு நிறுவனம் அதில் பட்டியலிடப்பட்டது. போட்ட பணம் திரும்பி வராது, வட்டியும் வராது. ஆனால் என்ன வேலை நடந்தது என்ற அறிக்கை ஆண்டுதோறும் வர வேண்டும் என்பது விதி. ராஜஸ்தானில் 2015 முதல் மூன்றாண்டுகள் நடந்த ஒரு கல்வித் திட்டத்தில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பள்ளிக்கு வராத பெண் குழந்தைகள் சேர்ந்தார்களா, பிள்ளைகள் கற்றார்களா என்று மூன்றாவது தரப்பு ஒன்று அளந்து பார்த்து, பலன் தெரிந்த பிறகே கொடையாளர் பணம் கொடுத்தார். கற்றலில் வைத்த இலக்கைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல் பலன் கிடைத்தது.

கணக்கு தவறினால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2020 இல் இங்கிலாந்தில் கேப்டன் டாம் மூர் என்ற முன்னாள் படைவீரர், தம் நூறாவது பிறந்த நாளுக்கு முன் தோட்டத்தில் நூறு முறை நடந்து, மருத்துவப் பணியாளர்களுக்காக 3 கோடியே 20 லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டினார். அவர் முதலில் வைத்த இலக்கு 1,000 பவுண்டுதான். அந்தப் பணம் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பிறகு அவர் பெயரில் குடும்பத்தார் ஒரு தனி அறக்கட்டளை தொடங்கினார்கள். அதில் குடும்பத்தாரே ஆதாயம் அடைந்தார்கள் என்று அந்நாட்டு அறக்கட்டளை ஆணையம் 2024 இல் அறிக்கை வெளியிட்டது. ஒரு முதியவர் ஊன்றிய நம்பிக்கைக்கு நேர்ந்த இந்தக் காயம், நேர்மையாக வேலை செய்யும் மற்ற நிறுவனங்களையும் பாதிக்கும்.

ஆகவே தொண்டு நிறுவனம் நடத்தும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். புதிய செயலியைத் தேடுவதற்கு முன்னால், போன ஆண்டு பணம் கொடுத்தவர்களின் பட்டியலை எடுங்கள். 100 ரூபாய் கொடுத்தவருக்கும், அந்த 100 ரூபாய் என்ன ஆயிற்று என்று நாலு வரி எழுதி அனுப்புங்கள். நடக்காமல் போனதையும் மறைக்காமல் சொல்லுங்கள். தணிக்கை செய்த கணக்கை அலுவலக வாசலில் ஒட்டுங்கள்.

கேட்டுக்கொண்டிருக்கும் உங்களுக்கும் ஒரு சொல். வாட்ஸ்அப்பில் வரும் உதவிக் கோரிக்கையை விசாரிக்காமல் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். நிறுவனம் பதிவானதா, 80ஜி என்று நாம் அறிந்த வரிச்சலுகை உண்டா, ரசீது தருவார்களா என்று கேளுங்கள். கேட்பது குற்றமில்லை, கொடுப்பவரின் கடமை. பிறகு உங்கள் ஊரிலேயே ஒரு நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்து நேரில் போய்ப் பாருங்கள். பிடித்திருந்தால் மாதம் ஒரு சிறு தொகையை, விட்டுவிடாமல், ஆண்டு முழுவதும் கொடுங்கள். ஆண்டு முடிவில் கணக்கு கேளுங்கள்.